போன ஜுரம் திரும்பி வந்தது!

"கொரோனா பெரியவர்களைத்தான் பிடிக்கும், குழந்தைகளை ஒன்றும் செய்யாது."

2020-ஆம் வருஷம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் உலகம் பூராவும் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட ஆறுதல் இது. டாக்டர்களும் கிட்டத்தட்ட அப்படியேதான் சொன்னார்கள். அதில் பொய்யும் இல்லை. வீட்டுத் தாத்தா ஆஸ்பத்திரிக்குப் போவார். அப்பா பத்து நாள் இருமித் தீர்ப்பார். பேரப் பிள்ளையோ ஒரு நாள் மூக்கைச் சிந்திவிட்டு மறுநாள் கூடத்தில் பந்து விளையாடிக்கொண்டிருக்கும். பல குழந்தைகளுக்கு அந்த மூக்குச் சிந்தல்கூடக் கிடையாது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அதே ஏப்ரல் மாதத்தின் நடுவில், லண்டனிலுள்ள எவெலினா குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பத்து நாட்களுக்குள் 8 குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். எட்டுப் பேரும் அதுவரை நோய்நொடி இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருந்தவர்கள். இறங்காத ஜுரம், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, கை கால்களில் வீக்கமும் வலியும், வயிற்றுவலி, வாந்தி, பேதி. கொரோனா என்றால் நமக்கெல்லாம் ஞாபகம் வருகிற இருமலும் மூச்சுத் திணறலும் அநேகமாக இல்லை. இப்படியே இருந்து, திடீரென்று ரத்த அழுத்தம் விழ ஆரம்பித்தது. எட்டில் 7 பேருக்குச் சுவாச யந்திரம் வைக்கும்படி ஆயிற்று. நுரையீரல் கெட்டுப்போனதால் அல்ல. தள்ளாடிக்கொண்டிருந்த இருதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் ஓய்வு கொடுப்பதற்காக! அவர்களில் 14 வயதுப் பையன் ஒருவனைக் காப்பாற்ற முடியவில்லை.

டாக்டர்கள் மூக்கிலிருந்தும் மூச்சுக் குழாயிலிருந்தும் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனா வைரஸ் அகப்படவில்லை. 'அப்படியானால் இது வேறு என்ன வியாதி?' என்று திகைத்தார்கள். ஆனால் எட்டில் 4 குழந்தைகளின் வீட்டில் யாருக்காவது கொரோனா வந்திருந்தது. இந்த விவரத்தை லண்டனில் வெளியாகும் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகைக்கு அவர்கள் எழுதி அனுப்பினார்கள். 2020 மே மாதம் அது பிரசுரமாயிற்று. கடிதம் அச்சுக்குப் போகும் ஒரு வாரத்துக்குள்ளேயே அதே ஆஸ்பத்திரியில் இத்தகைய குழந்தைகளின் எண்ணிக்கை இருபதைத் தாண்டிவிட்டது. முதல் 10 பேரின் ரத்தத்தில் வேறு ஒரு சோதனை செய்தார்கள். வைரஸைத் தேடாமல், அந்த வைரஸை எதிர்த்து உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடினார்கள். பத்துப் பேருக்கும் இருந்தது!

திருடன் வீட்டில் இல்லை. ஆனால் வந்துபோன அடையாளம் இருக்கிறது. அவன் போன பிறகு வீட்டுக்குள் ரகளை நடந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் ரகளை செய்வது யார்?

ஒரு வியாதி, இரண்டு பெயர்

இத்தாலியில் பெர்கமோ என்று ஓர் ஊர். 2020-இல் கொரோனா முதன் முதலாகச் சூறையாடிய ஐரோப்பிய ஊர்களில் ஒன்று. அங்குள்ள ஆஸ்பத்திரியில் பிப்ரவரி 18-ஆம் தேதிக்கும் ஏப்ரல் 20-ஆம் தேதிக்கும் இடையே இதே மாதிரி 10 குழந்தைகள் வந்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து வருஷங்களில் சேர்ந்தாற்போல் வந்தவர்கள் 19 பேர்தான். அதாவது, முப்பது மடங்கு ஏற்றம் என்று கணக்கிட்டார்கள்.

மே மாதம் பாதி கழிவதற்குள் குழந்தைக்குப் பெயர் சூட்டியாயிற்று. அமெரிக்கர்கள் 'மிஸ்-சி' என்றார்கள். குழந்தைகளுக்கு வரும் பல உறுப்பு அழற்சி நோய் என்று அர்த்தம். இங்கிலாந்துக்காரர்கள் 'பிம்ஸ்' என்று தங்களுக்கென்று ஒரு பெயரை வைத்துக்கொண்டார்கள். இவ்விரு தேசத்தாரும் லாரியை 'டிரக்' என்பதா 'லாரி' என்பதா என்றுகூட ஒத்துப்போகாதவர்கள். வியாதியின் பெயரில் மட்டும் ஒத்துப்போவார்களா? நாம் சௌகரியத்துக்கு 'மிஸ்-சி' என்றே வைத்துக்கொள்வோம்.

அழற்சி என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறதல்லவா? அதுதான் அழற்சி. உடம்பின் காவற்படை அந்த இடத்துக்கு ஓடிவந்திருக்கிறது என்று பொருள். விரல் நுனியில் நடந்தால் நல்லது. இருதயம், குடல், ஈரல், சிறுநீரகம், தோல், கண் என்று எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நடந்தால்?

டோக்கியோ டாக்டரின் குறிப்பு

எவெலினா டாக்டர்களுக்கும் பெர்கமோ டாக்டர்களுக்கும் உடனே ஞாபகம் வந்தது ஒரு ஜப்பானியர் பெயர். டோமிசாகு கவசாகி. டோக்கியோவில் செஞ்சிலுவைச் சங்க ஆஸ்பத்திரியில் குழந்தை வைத்தியராக இருந்தவர். 1961 ஜனவரி மாதத்தில் நாலு வயதுப் பையன் ஒருவனை அவரிடம் கொண்டு வந்தார்கள். பல நாள் ஜுரம், சிவந்த கண்கள், வெடித்த உதடு, உடம்பெல்லாம் தடிப்பு, விரல்களில் தோல் உரிதல். என்ன மருந்து கொடுத்தும் பிடிபடவில்லை. பிறகு பையனே தேறிவிட்டான். வீட்டுக்கு அனுப்பும்போது வியாதியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினார் கவசாகி.

இன்னொருவராயிருந்தால் அத்துடன் மறந்திருப்பார். கவசாகி மறக்கவில்லை. அடுத்த வருஷம் அதே மாதிரி இன்னொரு குழந்தை. அப்புறம் இன்னொன்று. ஏழு குழந்தைகள் சேர்ந்ததும் ஒரு வைத்தியக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 'எல்லாம் பழைய வியாதிதான், உமக்குத்தான் புதிதாகத் தெரிகிறது' என்கிற தோரணை. அவர் வாதாடவில்லை, குழந்தைகளை எண்ணிக்கொண்டே போனார். 1967-இல் 50 குழந்தைகளின் விவரத்தை வெளியிட்டபோது யாராலும் மறுக்க முடியவில்லை. இன்று உலகம் முழுவதும் அது கவசாகி நோய் என்றே வழங்குகிறது. இருதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் சின்னஞ்சிறு குழாய்களை அது உப்ப வைத்துவிடும் என்பது பிற்பாடு தெரிந்தது.

மிஸ்-சி வந்த குழந்தைகளைப் பார்த்தவுடன் 'கவசாகி' என்று டாக்டர்கள் சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கையே தவிர, ஒருத்தி அல்ல. கவசாகி நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரும். மிஸ்-சியோ பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதிகமாகத் தேடியது. அமெரிக்காவில் 26 மாகாணங்களிலிருந்து 186 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தபோது நடுவயது எட்டைச் சற்றுத் தாண்டியிருந்தது. கவசாகி நோய் ஜப்பானியக் குழந்தைகளிடம்தான் உலகிலேயே அதிகம்; மிஸ்-சி கறுப்பினக் குழந்தைகளையும் லத்தீன் அமெரிக்கக் குழந்தைகளையும் அதிகமாகத் தாக்கியது. வயிறும் குடலும் கெடுவது கவசாகியில் குறைவு. இதில் அந்த 186 பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வயிற்று உபத்திரவம் இருந்தது.

கவசாகி இந்தத் தங்கையைப் பற்றிய விவாதம் சூடு பிடித்த சமயத்தில், 2020 ஜூன் 5-ஆம் தேதி, தமது 95-வது வயதில் காலமானார்.

வயிற்றுவலி என்று நினைத்தால்...

ஒரு தாயாரின் நிலையில் இருந்து இதைப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்து போய்விட்டது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'அப்பாடா, பகவான் காப்பாற்றினார்' என்று அவள் மூச்சு விட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒரு நாள் சாயங்காலம் பையன் சாப்பாடு வேண்டாம் என்கிறான். ஜுரம். மறுநாள் வயிற்றுவலி, இரண்டு தடவை வாந்தி. கடைப் பண்டம் ஏதாவது தின்றிருப்பான் என்று பாட்டி ஓம வாட்டர் கொடுக்கிறாள். மூன்றாம் நாள் வலி தாங்காமல் சுருண்டு படுக்கிறான். குடல்வால் வீக்கமாக இருக்குமோ?

இந்தச் சந்தேகம் தாயாருக்கு மட்டும் வந்ததல்ல. லண்டனிலேயே இத்தகைய குழந்தைகள் பலர் குடல்வால் நோய் என்ற சந்தேகத்துடன் அறுவை சிகிச்சை டாக்டர்களிடம்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். வயிற்றுவலியுடன் ஜுரமும் வாந்தியும் வந்தால் வேறென்ன நினைப்பது? இதில் யாரையும் குறை சொல்லுவதற்கில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போன கொரோனாவை இந்த வயிற்றுவலியோடு முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

ஆனால் முடிச்சு அங்கேதான் இருந்தது. கொரோனா வந்ததிலிருந்து இரண்டு வாரம் முதல் ஆறு வாரத்துக்குள் மிஸ்-சி தலைகாட்டுகிறது. ஊரில் கொரோனா அலை உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பித்துச் சுமார் ஒரு மாதம் கழித்து, குழந்தைகள் வார்டில் இந்த இரண்டாவது அலை எழும்பும். பெரியவர்கள் எல்லாம் 'தொலைந்தது' என்று நினைக்கிற சமயத்தில்!

சென்னையிலும் இதே கதைதான். 2020 மே முதல் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரையில், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் நான்கில் சேர்ந்த 19 குழந்தைகளின் விவரத்தை இங்குள்ள டாக்டர்கள் இந்தியக் குழந்தை வைத்தியப் பத்திரிகையில் அந்த வருஷமே வெளியிட்டார்கள். நம் தேசத்தில் இந்த வியாதியைப் பற்றி முதன் முதலில் வந்த பெரிய அறிக்கைகளில் அது ஒன்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மிஸ்-சி அபூர்வமான வியாதி. அது மும்முரமாக இருந்த முதல் வருஷத்தில்கூட, அமெரிக்காவில் கொரோனா தொற்றிய குழந்தைகளில் சுமார் மூவாயிரத்தில் ஒன்றுக்குத்தான் வந்தது. வந்தவர்களிலும் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேரைத்தான் இழக்க நேர்ந்தது. சொற்பம்தான். எந்த வீட்டில் அந்த இரண்டு பேரோ அந்த வீட்டுக்குக் கணக்கு ஏது?

காவற்படை ஏன் தடுமாறியது?

வைரஸ் போன பிறகு வியாதி வருவது நமக்கு முற்றிலும் புதிதல்ல. தொண்டைப்புண் வந்து ஆறி, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுக்கு மூட்டு வீங்கி, இருதய வால்வையே கெடுத்துவிடும் வாத ஜுரத்தை நம் வீடுகளில் கண்டிருக்கிறோம். அங்கே வருவது வைரஸ் அல்ல, பாக்டீரியா. ஆனால் சங்கதி ஒன்றுதான்: கிருமியை விரட்டக் கிளம்பிய படை, கிருமி போன பிறகு சொந்த வீட்டையே அடிக்கிறது.

நம் ரத்தத்தில் 'டி செல்' என்று ஒரு ஜாதி வெள்ளணு உண்டு. கோடிக்கணக்கான டி செல்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சாவியை வைத்துக்கொண்டு திரிகின்றன. எந்தக் கிருமியின் பூட்டுக்கு எந்தச் சாவி பொருந்துகிறதோ அந்தச் சாவியுள்ள ஒரு சில செல்கள் மட்டும் விழித்தெழுந்து, பல்கிப் பெருகி, போர் நடத்திவிட்டு மீண்டும் அடங்கிப்போகும். எல்லாச் சாவியும் எழுந்திருக்காது. அதுதான் உடம்பின் சாமர்த்தியம்.

மிஸ்-சி கடுமையாக வந்த குழந்தைகளின் ரத்தத்தில் இந்தக் கட்டுப்பாடு குலைந்திருந்தது. அமெரிக்கா, பிரான்ஸ், பெல்ஜியம் என்று வெவ்வேறு தேசங்களில் தனித்தனியாக வேலை செய்த விஞ்ஞானிகள் 2021-இல் ஒரே விநோதத்தைக் கண்டார்கள். டி செல்களின் சாவியில் ஒரு பகுதி இருக்கிறது; 'டி.ஆர்.பி.வி. 11-2' என்று அதற்கு ரயில் என்ஜினுக்குப் போடுவது போல் ஒரு நம்பர். சாதாரணக் குழந்தையிடம் அந்த நம்பர் உள்ள செல்கள் சொற்பமாக இருக்கும். இந்தக் குழந்தைகளிடமோ கூட்டம் கூட்டமாக! பூட்டைப் பார்த்துச் சாவி எழுந்ததாகத் தெரியவில்லை. யாரோ ஒரே கயிற்றில் கட்டி எல்லோரையும் தட்டி எழுப்பியது போல் இருந்தது.

இப்படிக் கூட்டமாக எழுப்பும் பொருள்கள் உண்டு என்பது முன்பே தெரிந்த விஷயம். சில பாக்டீரியாக்கள் கக்கும் விஷத்துக்கு அந்த சக்தி இருக்கிறது. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விடுவதற்குப் பதில், ஒருவன் எழுந்து 'நெருப்பு!' என்று கத்தினால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது. கொரோனா வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள் போன்ற புரதத்திலேயே அந்த மாதிரி ஒரு துண்டு இருக்கிறது என்று ஒரு கூட்டத்தார் 2020-இல் எழுதினார்கள். அந்த முள்தான் கத்தியதா, வேறு யாராவது கத்தினார்களா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் அபிப்பிராய பேதம் உண்டு.

சரி, மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த முள் எங்கிருந்து வந்தது? மூக்கில் இல்லை, தொண்டையில் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் குழந்தைகளின் மலத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். (சமையலறையில் உட்கார்ந்து இதைப் படிக்கும் சகோதரிகள் மன்னிக்கவும், வைத்திய சாஸ்திரத்துக்கு அருவருப்பு கிடையாது.) தொற்று வந்து பல வாரங்கள் ஆன பிறகும் குடலில் வைரஸ் மிச்சம் இருந்தது! குடலின் உட்சுவர் நெருக்கிப் பின்னிய பாய் போன்றது. சாப்பாட்டின் சாரத்தை விடும், குப்பையை விடாது. இந்தக் குழந்தைகளிடம் அந்தப் பின்னல் தளர்ந்திருந்தது. பின்னலைத் தளர்த்தும் 'சோனுலின்' என்ற பொருள் ரத்தத்தில் ஏறியிருந்தது. தளர்ந்த இடுக்கு வழியாக வைரஸின் முள் புரதம் ரத்தத்தில் கசிந்திருந்ததையும் கண்டுபிடித்தார்கள். வயிற்றுவலிக்கும் வாந்திக்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறதல்லவா?

ஆள் மாறாட்டம்

2024 ஆகஸ்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியை நான் படித்தபோது, நல்ல துப்பறியும் தொடர்கதை படித்த மாதிரி இருந்தது. கலிபோர்னியா, பாஸ்டன், மெம்பிஸ் ஆகிய மூன்று இடத்து விஞ்ஞானிகள் சேர்ந்து செய்தது. மிஸ்-சி வந்த 199 குழந்தைகளின் ரத்தம். கொரோனா வந்தும் மிஸ்-சி வராத 45 குழந்தைகளின் ரத்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இந்த ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் மனித உடம்பின் எந்தப் புரதத்தைப் பிடிக்கின்றன?' என்று ஆயிரக்கணக்கான புரதங்களைக் காட்டிக் காட்டிச் சோதித்தார்கள். அடையாள அணிவகுப்பு நடத்துகிறார்களே போலீஸ்காரர்கள், அந்த மாதிரி.

ஒரு புரதம் அகப்பட்டது. அதன் பெயர் 'எஸ்.என்.எக்ஸ்-8'. நம் சொந்தச் செல்களுக்குள்ளேயே இருப்பது. வைரஸை எதிர்க்கும் வேலையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. மிஸ்-சி குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேரின் ரத்தம் இந்த நிரபராதியைக் குற்றவாளி என்று பிடித்தது! ஏன்? கொரோனா வைரஸின் உட்புறத்திலுள்ள ஒரு புரதத்தில் ஒரு சின்னத் துண்டும், இந்த எஸ்.என்.எக்ஸ்-8-இல் ஒரு சின்னத் துண்டும் அச்சாக ஒன்று போல் இருந்தன. இரட்டைப் பிள்ளைகளில் அண்ணன் செய்த குற்றத்துக்குத் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன கதை. எதிர்ப்புப் பொருள் மட்டுமல்ல, டி செல்களிலும் சில இந்த இரண்டையும் வித்தியாசம் பாராமல் தாக்கக்கூடியவை என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

மூன்றில் ஒரு பங்குக்கு இது காரணம் என்றால், மற்ற இரண்டு பங்கு? ஒரே காரணம் எல்லோருக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதே தப்பு என்று தோன்றுகிறது. 2023-இல் 558 குழந்தைகளின் பரம்பரைக் கூறுகளைச் சோதித்தவர்கள், அவர்களில் 5 பேரிடம் ஒரு பிறவிக் குறையைக் கண்டார்கள். வைரஸைக் கண்டு எழும் ஆவேசத்துக்குக் கடிவாளம் போடும் கூறு அவர்களிடம் சரியாக வேலை செய்யவில்லை. ஐந்து பேர் என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் 'ஏன் என் குழந்தைக்கு?' என்ற கேள்விக்கு அந்த ஐந்து தாய்மார்களுக்காவது பதில் கிடைத்தது. 2025-இல் பெர்லின் விஞ்ஞானிகள் இன்னொரு கோணத்தைக் காட்டினார்கள். குழந்தைப் பருவத்தில் நம்மில் பெரும்பாலோருக்கு வந்து, வாழ்நாள் முழுவதும் உடம்பில் உறங்கிக்கொண்டிருக்கும் 'எப்ஸ்டீன்-பார்' என்ற பழைய வைரஸ் ஒன்று உண்டு. கொரோனாவுக்குப் பின் இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் 'டி.ஜி.எஃப்.-பீட்டா' என்ற பொருள் மிதமிஞ்சிச் சுரந்து, காவல் செல்களின் கையைக் கட்டிப்போட, உறங்கிய வைரஸ் விழித்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. மேலே சொன்ன கூட்டத்துக்குக் கத்தியவன் இவனாகவும் இருக்கலாம்!

ஆயிரம் பேர் தந்த மருந்து

காரணம் தெரிவதற்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. குழந்தைகள் அதுவரை காத்திருக்க முடியுமா? டாக்டர்கள் கவசாகியின் வைத்தியத்தையே கையில் எடுத்தார்கள். இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து அது. ஆயிரக்கணக்கான பேர் தானமாகக் கொடுத்த ரத்தத்தின் தெளிவிலிருந்து எதிர்ப்புப் பொருள்களைப் பிரித்துச் சேர்த்தது. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் வீதம் ரத்தக் குழாய் வழியே மெதுவாக ஏற்றுவார்கள். 25 கிலோப் பையனுக்கு 50 கிராம். முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு குழந்தையின் உடம்பிலுள்ள கலகத்தை அடக்குகிறார்கள் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அடங்குகிறது.

விலைதான் இடிக்கிறது. எந்த நடுத்தரக் குடும்பத்தையும் உலுக்கிவிடும் விலை. இதனால் ஸ்டீராய்டு என்ற மலிவான மருந்து மட்டும் போதுமா என்று பல இடங்களில் பார்த்தார்கள். 32 தேசங்களைச் சேர்ந்த 614 குழந்தைகளின் சிகிச்சையை 2021-இல் ஒப்பிட்டபோது, இம்யூனோகுளோபுலின் மட்டும், ஸ்டீராய்டு மட்டும், இரண்டும் சேர்த்து என்ற மூன்று வழியிலும் குழந்தைகள் தேறியதில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. சுவிட்சர்லாந்தில் 75 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அதையும் மறு பாதிக்கு இதையும் கொடுத்தார்கள். இரு பாதியும் ஆஸ்பத்திரியில் இருந்தது சராசரியாக ஆறு நாள்தான். ஏழை தேசங்களுக்கு இதைவிட நல்ல செய்தி அந்த வருஷங்களில் வேறு எதுவும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இதற்கு அந்தப் பரபரப்பான பத்திரிகைத் தலைப்புகளில் இடம் கிடைக்கவில்லை!

இருதயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து வந்த குழந்தைகளில், இருதயத்தின் பலம் குறைந்திருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஒரு மாதத்துக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்குள் அநேகமாக எல்லோருக்கும். உப்பியிருந்த ரத்தக் குழாய்களும் சுருங்கின. குழந்தைகளின் உடம்பு என்பது அப்படிப்பட்ட வஸ்து.

தடுப்பு ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-இன் பிற்பாதியில் அமெரிக்காவில் 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கவனித்தார்கள். கொரோனாத் தடுப்பு ஊசி இரண்டு தடவை போட்டுக்கொண்டவர்களுக்கு மிஸ்-சி வரும் அபாயம் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு குறைந்திருந்தது. அந்த ஆராய்ச்சியில் மிஸ்-சி வந்த 102 பேரில் 97 பேர் ஊசி போடாதவர்கள். யந்திர உதவியில் உயிரைத் தாங்க வேண்டியிருந்த 38 பேரில் ஒருவர்கூடப் போட்டுக்கொண்டவர் அல்லர். 2022-இல் 'ஒமிக்ரான்' என்ற புது உருவம் பரவிய பிறகு வியாதியே வெகுவாகக் குறைந்துவிட்டது. ஊசியும், முன்பே தொற்று வந்து ஏற்பட்ட பழக்கமும், வைரஸின் மாறுதலும் சேர்ந்து செய்த வேலை என்கிறார்கள். குறைந்துவிட்டதே தவிர, மறைந்துவிடவில்லை.

வீட்டில் என்ன கவனிப்பது?

ஜுரம் வந்த குழந்தையை எல்லாம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஜுரம் வந்த வழியே போய்விடும். ஆனால் மூன்று நாளாக இறங்காத ஜுரத்துடன் கடும் வயிற்றுவலியோ, வாந்தி பேதியோ, கண் சிவப்போ, தடிப்போ, உதடும் நாக்கும் பழமாகச் சிவந்து போவதோ, கை கால் வீக்கமோ சேர்ந்தால் டாக்டரிடம் போகத் தாமதிக்கக் கூடாது. குழந்தை துவண்டு போய்த் தூங்கிக்கொண்டே இருந்தால், கை கால் சில்லிட்டால், மூச்சு இரைத்தால், சிறுநீர் குறைந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். மூன்று நாள் கணக்கெல்லாம் அப்போது பார்க்க வேண்டாம்.

டாக்டரிடம் போனதும், அவர் கேட்காவிட்டாலும், 'போன ஒன்றரை மாதத்துக்குள் வீட்டில் இன்னாருக்கு ஜுரமும் இருமலும் இருந்தது' என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டில் வந்திருந்தாலும் சொல்லுங்கள். லண்டன் டாக்டர்களைத் திகைக்க வைத்த முடிச்சை அவிழ்த்தது இந்தச் சின்னத் தகவல்தான்.

இன்னொன்று: இந்த வியாதிக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்கக் கொஞ்ச நாளைக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பதுண்டு. அது டாக்டர் அளந்து கொடுப்பது. அதைக் கேள்விப்பட்டு, மற்றச் சமயத்தில் ஜுரம் வந்த குழந்தைக்கு வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்துவிடாதீர்கள். வைரஸ் ஜுரத்தில் ஆஸ்பிரின் கொடுத்தால், அபூர்வமாக, மூளையையும் ஈரலையும் தாக்கும் வேறொரு விபரீதம் வரலாம்.

பிழைத்து வீடு திரும்பும் குழந்தையை இருதய டாக்டரிடம் சில மாதங்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். 'எக்கோ' என்ற, வலியில்லாத சோதனை. ஒலி அலையால் இருதயத்தைப் படம் பிடிப்பது. இருதயத் தசையில் அழற்சி இருந்த குழந்தைகள் மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை ஓட்டப்பந்தயம், பந்தாட்டம் போன்ற கடும் விளையாட்டுகளில் சேரக் கூடாது என்பது டாக்டர்களின் உத்தரவு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் ஊசிக்கும் குழாய்க்கும் அழாத பையன், இந்த உத்தரவைக் கேட்டுத்தான் 'ஓ'வென்று அழுவான். கிரிக்கெட் மட்டையை அலமாரிக்கு மேலே ஒளித்து வைக்கத் தாயார்மார்கள் தயாராக இருக்க வேண்டும்.